பயோ சயன்ஸா, நேர்சிங்கா, எம்.எல்.எஸ்ஸா? உள்ளே போனால் என்ன உயிரியல் படிப்பிக்கிறார்கள்?

சுன்னாகம் பிள்ளை:

வணக்கம். நான் ஏ.எல் பயோ பிரிவில் தமிழ் மீடியத்தில் எழுதினேன். பெறுபேறு வந்துவிட்டது. மருத்துவத்துக்கு என் இசட் புள்ளி எட்டாது. இப்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் போட வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு கதை. அப்பாவுக்கு நேர்சிங் என்றால் நிம்மதி, முடித்ததும் வேலை நிச்சயம் என்கிறார். ரியூசன் சேர் பயோ சயன்ஸ் போ, பிறகு மேலே படிக்கலாம் என்கிறார். மாமி எம்.எல்.எஸ், அதாவது மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம்தான் பொம்பிளைப் பிள்ளைக்குச் சரி என்கிறார்.

எனக்கு உயிரியல் பிடிக்கும். பரீட்சைக்காக மட்டும் படித்த பாடமில்லை. ஆனால் உள்ளே போனபிறகு எந்த உயிரியலைப் படிப்பேன் என்று யாரும் சொல்கிறார்கள் இல்லை. விஞ்ஞான பீடத்தில் படிப்பிக்கிற உயிரியலும், நேர்சிங்கும் எம்.எல்.எஸ்ஸும் இருக்கிற அலைட் ஹெல்த் பீடத்தில் படிப்பிக்கிற உயிரியலும் ஒன்றா? ஏ.எல்லில் படித்தது அங்கே உதவுமா? யாழ்ப்பாணக் கம்பஸில் படித்தவர்கள், படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வேலை வாய்ப்புப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள்.

மாத்திரை:

தங்கச்சி, பார்மசியையும் பட்டியலில் சேருங்கள், நீங்கள் அதை எழுதவே இல்லை. யாழ்ப்பாணத்தில் நேர்சிங், பார்மசி, எம்.எல்.எஸ் மூன்றும் இருக்கின்றன, மூன்றும் நாலு வருடம். பார்மசியில் உயிரியலை விட இரசாயனவியல் அதிகம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது ஒரு பாதி, அந்த மருந்தை எப்படிச் செய்வது, எப்படிக் கெடாமல் வைப்பது என்பது மறுபாதி. மூலிகைகளிலிருந்து மருந்துப் பொருட்களைப் பிரித்தறிகிற பாடமும் உண்டு, தாவரம் பிடித்தவர்கள் அதில் ஒன்றிப்போவார்கள். இரசாயனவியல் பிடிக்காது என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

குடம்பி:

தங்கச்சி, படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டீர்களே, அதற்காகவே நேரம் எடுத்து எழுதுகிறேன்.

நான் விஞ்ஞான பீடத்தில் விலங்கியல் சிறப்புப் பட்டம் செய்தவள். இப்போது முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்புகளில் நிற்கிறேன். படிக்கிற காலத்தில் திருநெல்வேலியில் போர்டிங். என்னோடு அறையில் இருந்தவர்களில் ஒருத்தி நேர்சிங், முல்லைத்தீவுப் பிள்ளை. மற்றவள் எம்.எல்.எஸ், மன்னார். இரவில் மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து படிப்போம். ஒருத்தியின் கொப்பியை மற்றவள் புரட்டாத நாளே இல்லை. அதனால் மூன்று படிப்பும் எனக்கு உள்ளுக்குள்ளிருந்து தெரியும்.

பாடங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. நீங்கள் ஏற்கெனவே செய்த ஒரு செய்முறையை எடுத்துக்கொள்வோம். ரியோ இலையின் அடிப்பக்கத்து ஊதா நிறத் தோலை உரித்து, செறிவு வேறுவேறான சுக்குரோசுக் கரைசல்களில் போட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்து எண்ணியிருப்பீர்கள். ஐதான கரைசலில் ஊதா நிறம் கலம் முழுக்க நிரம்பியிருக்கும். செறிவு கூடக் கூட அந்த ஊதா கலச்சுவரை விட்டு விலகி நடுவில் ஒதுங்கும். பார்வைப்புலத்தில் பாதிக் கலங்கள் அப்படி ஒதுங்கிய கரைசலை வைத்துக் கரைய அழுத்தத்தைக் கணித்திருப்பீர்கள். ஏ.எல்லில் அது அத்தோடு முடிந்துவிடும். உப்பும் நீரும் மென்சவ்வும் என்ற இந்த ஒரு விஷயம் கம்பஸில் எங்கெங்கே போகிறது என்று பாருங்கள்.

நேர்சிங் தோழியின் கொப்பியில் அது சேலைன் போத்தலாக வந்தது. நோயாளிக்கு ஏற்றுகிற சாதாரண சேலைனில் 0.9 வீதம் உப்பு, அதாவது லீற்றருக்கு 9 கிராம். ஏன் அந்த அளவு? செங்குழியத்துக்குக் கலச்சுவர் இல்லை. ரியோ கலத்தை வெறும் தண்ணீரில் போட்டால் சுவர் தாங்கிக்கொள்ளும், செங்குழியம் உப்பி வெடித்துவிடும். அதனால்தான் வெறும் நீரை நாளத்துக்குள் ஏற்றவே கூடாது. இது வரைக்கும் ஏ.எல் பிள்ளைக்கும் விளங்கும். அடுத்த பக்கத்தில் அவள் எழுதியிருந்தது எனக்குப் புதிது. குருதியில் சோடியம் குறைந்துபோய்ச் சில நாட்களான நோயாளிக்கு அதை அவசரப்பட்டுக் கூட்டக் கூடாது. மூளைக் கலங்கள் அந்தக் குறைந்த நிலைக்குத் தங்களைப் பழக்கிக்கொண்டிருக்கும். வெளியே திடீரென்று உப்புக் கூடினால் நீர் வெளியேறி நரம்புகளின் மையலின் உறை சிதைந்துபோகலாம், ஆள் பேச, விழுங்க முடியாத நிலைக்குப் போகலாம். ஆகவே எவ்வளவு ஏற்றுவது என்பதைப் போலவே எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்பதும் உயிர்ப் பிரச்சினை. கட்டிலருகே நின்று துளியை எண்ணுகிறவர் தாதி. அந்தத் துளிக்குப் பின்னால் இருக்கிற உயிரியலை அவர்களுக்கு இரண்டாந்தரமாகப் படிப்பிப்பதில்லை. நேர்சிங் என்றால் உயிரியல் குறைவு என்று நினைக்கிறவர்கள் அந்தக் கொப்பியை ஒருதரம் பார்க்க வேண்டும்.

எம்.எல்.எஸ் தோழி அதே விஷயத்தைச் சோதனைக்குழாய் வரிசையில் படித்தாள். உப்பின் செறிவு படிப்படியாகக் குறைகிற குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு இரத்தம். செங்குழியங்கள் உடையாமல் இருந்தால் குழாய் கலங்கலாக இருக்கும், பின்னால் ஒரு கடதாசியைப் பிடித்தால் அதிலுள்ள எழுத்துத் தெரியாது. உடைந்துவிட்டால் திரவம் தெளிந்த சிவப்பாகி எழுத்து வாசிக்கும்படி தெரியும். சுகதேகியின் செங்குழியங்கள் ஏறக்குறைய 0.45, 0.5 வீதத்தில் உடையத் தொடங்கும். தலசீமியா உள்ளவரின் கலங்கள் அதைவிட ஐதான உப்பிலும் தாக்குப்பிடிக்கும். காரணம், உள்ளே ஈமோகுளோபின் குறைவு, அதனால் உப்புவதற்கு இடம் இருக்கிறது. பரம்பரையாக உருண்டை வடிவச் செங்குழியம் உள்ளவருக்கோ நேர்மாறு, முன்கூட்டியே உடைந்துவிடும். ஒரு கலத்தின் வடிவத்தை நுணுக்குக்காட்டியே இல்லாமல் உப்பை வைத்து ஊகிக்கிற வேலை இது. அவள் இதைச் சொல்லித் தந்த இரவு நான் என் பாடத்தைத் தொடவில்லை.

பார்மசியில் இதே கணக்கு கண்துளி மருந்தில் வரும். கண்ணீரின் உப்பளவுக்கு ஒத்துவராத துளி கண்ணை எரிக்கும். பிறகு ஜீவனி. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற பொதியில் உப்போடு குளுக்கோசையும் சேர்ப்பது ருசிக்காக என்று நினைக்கிறோம். குடலின் மேலணிக் கலத்தில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கிற ஒரு புரதம் இருக்கிறது. குளுக்கோசு இருந்தால் சோடியம் உள்ளே போகும், சோடியத்தின் பின்னால் நீர் போகும். உலக சுகாதார நிறுவனம் 2002 இல் அந்தக் கரைசலின் செறிவைக் குறைத்தது. இப்போதைய அளவு ஒரு லீற்றருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், அதோடு பொற்றாசியம் குளோரைட்டும் சித்திரேற்றும். வாந்தியோடு கிடக்கிற பிள்ளைக்குத் தாய் கரண்டியால் பருக்குகிற தண்ணீருக்குள் இத்தனை உயிரியல் இருக்கிறது.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். தாவரவியலில் இந்தப் பாடத்துக்கு உயிர் கொடுப்பது கண்டல் காடு. கடல்நீரேரிக் கரைக்குப் போய்க் கண்ணா மரத்தின் இலையைத் திருப்பிப் பார்த்து, நாக்கால் தொட்டுப் பாருங்கள், கரிக்கும். வேரால் எடுத்த உப்பை அந்த மரம் இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியே தள்ளுகிறது. பக்கத்திலேயே முண்டுவேர் ஊன்றி நிற்கிற கண்டலோ பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. ஒரே சேற்றில் நிற்கிற இரண்டு மரங்கள் ஒரே தொல்லைக்கு வேறு வேறு வழி கண்டிருக்கின்றன. ஏன் அப்படி, எது எந்த இடத்தில் தாக்குப்பிடிக்கும் என்று கேட்கத் தொடங்கினால் சூழலியலும் கூர்ப்பும் வந்துவிடும்.

விலங்கியலில் எங்கள் ஊருக்கே சொந்தமான கதை ஒன்று இருக்கிறது. டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுந்தான் முட்டையிடும் என்று எல்லாருக்கும் படிப்பித்தார்கள், அதை வைத்துத்தான் ஒழிப்பு வேலைகளும் நடந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரத்தில் உவர்நீர் நின்ற கிணறுகளிலும் கைவிட்ட கலன்களிலும் ஏடிஸ் குடம்பிகள் வளர்வதை எங்கள் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்தவர்கள் இடம்பெற்ற ஆய்வுக் குழு 2011 இல் வெளியிட்டது. குடம்பியின் பின்முனையில் நான்கு மெல்லிய புடைப்புகள் இருக்கும், நன்னீரிலிருந்து உப்பை உறிஞ்சுவதற்கு. இவ்வளவு உப்புக்குள் அந்த உயிர் எப்படிச் சமாளிக்கிறது, தலைமுறை தலைமுறையாகப் பழகிக்கொண்டதா, தோலில் மாற்றமா என்று தொடர்ந்து பார்த்தார்கள். குருநகர்க் கரையில் கிடக்கிற ஒரு உடைந்த வாளிக்குள் உலகம் கவனிக்கிற கேள்வி ஒன்று நெளிந்துகொண்டிருந்திருக்கிறது. என் பெயரை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

சரி, இவ்வளவும் ஏன் சொன்னேன் என்றால், அடியில் ஓடுவது ஒரே உயிரியல்தான். பெரிது சிறிது என்று ஒன்றுமில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. என் குடம்பிக் கேள்விக்கு நான் மாதக்கணக்காகப் பதில் தெரியாமல் இருக்கலாம். திரும்பச் செய்து பார்க்கலாம், பிழைத்தால் புதிய குடம்பிகளோடு மறுபடி தொடங்கலாம். என் தோழிகளுக்கு அந்த அவகாசம் கிடையாது. அவர்களுடைய பதில் அன்றைக்கே, அந்த மனிதருக்கே சரியாக இருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போகும்போது ஒரு ஆளுக்கு உதவினேன் என்று சொல்ல அவர்களால் முடியும், என்னால் அநேக நாட்களில் முடியாது. உங்கள் மனது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

இன்னொரு வித்தியாசம் அகலம். அலைட் ஹெல்த்தில் நாலு வருடமும் பெரும்பாலும் ஒரே உயிரினம், மனிதன். உடலமைப்பியல், உடற்றொழிலியல், உயிரிரசாயனவியல் என்று முதலிலேயே இறங்கி ஆழமாகப் போவார்கள். பக்டீரியாவும் ஒட்டுண்ணியும் வந்தாலும் மனிதனுக்கு என்ன செய்கின்றன என்பதற்காகத்தான் வரும். எங்களுக்குப் பாசியிலிருந்து யானை வரை. தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் மூன்றையும் தூக்கிக்கொண்டு தொடங்குவோம். புள்ளிவிபரவியல் இல்லாமல் எந்த ஆய்வும் நகராது. மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தோடு நிற்கலாம், பெறுபேறு நன்றாக இருந்தால் நாலாவது வருடம் சிறப்புப் பட்டத்துக்குப் போகலாம். உங்கள் ஏ.எல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அங்கிகளின் கூர்ப்பும் பல்வகைமையும் என்ற அலகை விரும்பி வாசித்தீர்களா, விலங்கு வடிவமும் தொழிலும் என்ற அலகையா? இரண்டாவதில்தான் மனது நின்றது, தாவரப் பாகுபாடு வந்தாலே அலுப்பு என்றால் பயோ சயன்ஸ் உங்களை வருத்தும்.

அப்பாவின் பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். பயோ சயன்ஸ் பட்டத்தை வைத்துக்கொண்டு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்ய முடியாது, அதற்குரிய பதிவு வேறு. எங்கள் பக்கத்தில் ஆசிரியர் நியமனம், ஆராய்ச்சி, தனியார் நிறுவனங்கள், வெளிநாட்டு மேற்படிப்பு என்று வழிகள் உண்டு, ஆனால் எதுவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டே போனால் ஏமாற்றம் இருக்காது.

ஆய்வுகூடம்:

நான் வன்னிப் பக்கம் ஒரு வைத்தியசாலையில் எம்.எல்.ரி, அதாவது ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். குடம்பி அக்கா எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த உடைகிற செங்குழியம் எங்களுக்கு ஒவ்வொரு நாளும் தொல்லை தருகிற ஆள். இரத்தம் எடுக்கும்போது ஊசியால் வேகமாக இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ கலங்கள் உடைந்துவிடும். செங்குழியத்துக்குள் பொற்றாசியம் வெளியில் இருப்பதைப் போலப் பல மடங்கு. உடைந்தால் அவ்வளவும் வெளியே வரும், இயந்திரம் நோயாளிக்குப் பொற்றாசியம் ஆபத்தான அளவில் கூடியிருக்கிறது என்று அச்சடித்துத் தரும். உண்மையில் அவருக்கு ஒன்றும் இருக்காது. அந்த ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பினால் தேவையில்லாத வைத்தியம் தொடங்கும். ஆகவே மையநீக்கியிலிருந்து எடுத்த குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். மேலே நிற்கிற நீர்ப்பாயம் வைக்கோல் நிறமாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் வார்டுக்கு அழைத்துத் திரும்ப இரத்தம் எடுக்கச் சொல்வோம். அவர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை. இயந்திரமே எல்லாம் செய்யும், பிறகு ஏன் நாலு வருடப் படிப்பு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

மழை முடிந்து டெங்கு தொடங்கினால் இரவு பகல் தெரியாது. அப்போது டொக்டர்மார் கேட்டுக்கொண்டிருப்பது குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையை மட்டும் என்று வெளியிலிருக்கிறவர்கள் நினைப்பார்கள். செங்குழிய அடர்வு வீதமும், அதாவது குருதியில் செங்குழியங்கள் பிடிக்கிற பங்கும், அதே அளவு முக்கியம். அது நோயாளியின் வழமையான அளவிலிருந்து 20 வீதம் ஏறினால் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிகிறது என்று அர்த்தம். இரண்டு மணித்தியாலம் பிந்திய ரிப்போர்ட் பிரயோசனமில்லாத ரிப்போர்ட்.

தங்கச்சியின் மாமிக்குச் சொல்லுங்கள், எங்களுக்கும் இரவு வேலை உண்டு.

சுன்னாகம் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. குடம்பி அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ரியோ செய்முறை நாங்கள் செய்தோம், ஆனால் பாடசாலையில் ஒரு நுணுக்குக்காட்டிதான், ஒவ்வொருவராகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். எண்ணிக்கையைச் சேர் பலகையில் எழுதினார், கொப்பியில் எழுதிக்கொண்டோம். ஊதா விலகி நிற்பதை நான் சரியாகப் பார்த்தேனா என்றே தெரியவில்லை.

இரண்டு பயம் இருக்கிறது. ஒன்று ஆங்கிலம். எல்லா விரிவுரையும் ஆங்கிலத்தில் என்கிறார்கள். மற்றது, நான் படித்த விதம். ரியூசன் நோட்ஸைப் பாடமாக்கி, கடந்தகால வினாத்தாள் செய்துதான் புள்ளி எடுத்தேன். அது அங்கேயும் சரிவருமா?

வார்டு இலக்கம் ஒன்பது:

நேர்சிங் மூன்றாம் வருடம். ஆங்கிலப் பயம் எனக்கும் இருந்தது. எங்கள் தொகுதியில் கண்டியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் வந்த சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே பயம்தான். விரிவுரை ஆங்கிலத்தில், எங்களுக்குள் கதைப்பது பாதி ஆங்கிலத்தில் பாதி சைகையில், நோயாளியோடு தமிழில். வார்டுக்குப் போனபிறகு எதுவுமே மறக்காது. ஆடியபாதம் வீதியில் உடலமைப்பியல் வகுப்பில் இதயத்தைக் கையில் வைத்து வால்வுகளைப் பார்த்திருப்போம். பிறகு ஒரு அம்மாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து அந்த வால்வு மூடுகிற சத்தத்தைக் கேட்கும்போது உடம்பு சிலிர்த்தது. நேர்சிங் வேண்டும் என்றால் மனதார விரும்பி வாருங்கள், வேலை நிச்சயம் என்பதற்காக மட்டும் வந்த பிள்ளைகள் வார்டில் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்.

குடம்பி:

தங்கச்சி, முதலில் அந்த நுணுக்குக்காட்டி விஷயம். ஒரு கருவி, நிறையப் பிள்ளைகள், நேரமில்லை. எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் இதுதான் நிலைமை, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. நான் நிற்கிற செய்முறை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் கனபேர் கருவியின் நுண்செப்பஞ்செய்யும் திருகைத் தொட்டதே இல்லை. எனக்கு அது ஒவ்வொரு வருடமும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நல்ல மூளையுள்ள பிள்ளைகள், உயிரியலில் உயர்ந்த சித்தி, ஆனால் கலத்தை நேரில் கண்டதில்லை. ஆகவே முதல் வாரங்களில் நான் குறிப்பு ஒன்றும் எழுதவிடுவதில்லை. வெங்காயத் தோலை உரித்து ஒரு துளி நீரில் வைத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கி மெதுவாகக் குவியப்படுத்தி, கருவைக் கண்டபிறகு கண்டதை மட்டும் வரையச் சொல்வேன். பிள்ளைகள் புத்தகத்துப் படத்தை நினைவிலிருந்து வரைந்துவிட்டு நிமிர்வார்கள். இழைமணி வரைந்திருக்கும். அந்த உருப்பெருக்கத்தில் அந்தத் தோலில் இழைமணி தெரியவே தெரியாது. அதை அழித்துவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னால், ஒரு கட்டத்தில் பிள்ளை தலையை நிமிர்த்தாமலே "அக்கா, இதற்குள்ளே ஏதோ அசைகிறது" என்று சொல்லும். குழியவுரு கலத்துக்குள் ஓடுவதைத்தான் கண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு யாரும் உயிரியலை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பாடமாக்குவது அங்கே வருமா என்று கேட்டீர்கள். பாதி வரும். பெயர்களையும் எலும்புகளையும் நொதியங்களையும் நினைவில் வைக்கத்தான் வேண்டும், அந்தப் பழக்கத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் வேகம் வேறு. நாட்டின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. அதில் விரிவுரை 15 மணித்தியாலம் அளவில்தான். மிச்சம் நீங்களாகப் படிப்பதற்கு. பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. இந்தக் கணக்கை யாரும் முதல் நாளில் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. விரிவுரைச் சிலைடுகளைப் பாடமாக்கினால் போதும் என்று இருந்துவிட்டு முதல் செமஸ்டர் முடிவில் திகைக்கிறார்கள். வினாத்தாளும் மாறிவிடும். "செங்குழியத்தின் இயல்புகளைத் தருக" என்று வராது. ஒரு நோயாளியின் இரத்த அறிக்கையைத் தந்து என்ன நடந்திருக்கும் என்று கேட்பார்கள், அல்லது ஒரு வரைபைத் தந்து ஏன் இந்த இடத்தில் வளைகிறது என்று கேட்பார்கள். அதற்கு நோட்ஸில் வரி இருக்காது.

எங்கள் அறையில் வைத்திருந்த வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு படத்தை எடுப்போம். இரத்தம் உறைகிற படிமுறையை எம்.எல்.எஸ்காரி எடுத்தால், அவள் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் எங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். எனக்கு அந்தப் பாடமே இல்லை, அதனால் நான் கேட்கிற கேள்விகள் ஏடாகூடமாக இருக்கும். "விற்றமின் கே இல்லாவிட்டால் ஏன் உறையாது?" என்று கேட்டால் அவள் நின்றுவிடுவாள். போய்ப் பார்த்து வந்து, ஈரலில் சில உறைதல் காரணிகள் வேலைக்கு ஆயத்தமாவதற்கு அந்த விற்றமின் வேண்டும், பிறந்த குழந்தைகளுக்கு அது குறைவு, அதனால்தான் பிறந்த உடனே ஊசி போடுகிறார்கள் என்று அடுத்த நாள் சொல்வாள். அதற்குப் பிறகு அதையே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுவாள். முதலில் விளக்கம், பிறகு ஆங்கிலம். இரண்டையும் ஒன்றாகச் சுமக்க வெளிக்கிட்டால்தான் பாரம் தாங்காது.

ஆங்கிலத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 1860களில் எங்கள் பெடியங்களுக்கு மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். இந்தப் பாடத்தைத் தமிழில் யோசிக்க முடியும் என்பது இந்த மண்ணில் எப்போதோ செய்து காட்டிய விஷயம். நீங்கள் தமிழில் விளங்கி வைத்திருப்பது குறைபாடு இல்லை, கையிருப்பு. பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் எழுதப் பழக வேண்டும், அவ்வளவுதான். தொடக்கத்தில் ஆங்கில வகுப்புகள் தருவார்கள், வராமல் விடுகிற பிள்ளைகள்தான் அதிகம். விடாதீர்கள்.

விண்ணப்பத்தைப் பற்றி: உங்கள் புள்ளி எட்டுகிற தெரிவுகளில் எதை மேலே போட்டீர்களோ அதைத்தான் தருவார்கள். ஆகவே வெட்டுப்புள்ளி உயர்ந்தது என்பதற்காக விருப்பமில்லாத ஒன்றை மேலே போட்டால், அது கிடைத்துவிடும். பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விரும்புகிற ஒழுங்கிலேயே போடுங்கள்.

சுன்னாகம் பிள்ளை:

அக்கா, இரவு அப்பாவோடு இருந்து ஆறுதலாகக் கதைத்தேன். புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், என் மனது விலங்கு வடிவமும் தொழிலும் அலகில்தான் நிற்கிறது. ஆய்வுகூடம் அண்ணா எழுதிய அந்த இளஞ்சிவப்புக் குழாயை என்னால் மறக்க முடியவில்லை. எம்.எல்.எஸ் முதலாவது, நேர்சிங் இரண்டாவது, பிறகு பயோ சயன்ஸ் என்று போட நினைக்கிறேன். அப்பாவும் சரி என்றார். யாழ்ப்பாணம் மட்டும் போட்டால் போதுமா? அம்மா தூர இடம் வேண்டாம் என்கிறார்.

குடம்பி:

பேராதனையிலும் எம்.எல்.எஸ் இருக்கிறது, அங்கே இயன்மருத்துவமும் கதிர்ப்படவியலும்கூட உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அடுத்ததாக அதையும் போடுங்கள். பேராதனை எம்.எல்.எஸ்ஸா, யாழ்ப்பாண நேர்சிங்கா என்றால் எது மேலே என்று நீங்களும் அம்மாவும் இருந்து முடிவெடுங்கள், அதை நான் சொல்லக் கூடாது. இணையத்தில் அனுப்பியபிறகு பிரதியை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாடநெறிக் குறியீட்டு எண்களைக் கையேட்டோடு ஒப்பிட்டு இன்னொருவரைக் கொண்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அனுமதி வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போதே புதிய நோட்ஸ் தேடி அலைய வேண்டாம். ஆங்கில மீடியம் ஏ.எல் உயிரியல் வளநூலை எடுத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த அலகை ஆங்கிலத்தில் வாசியுங்கள், விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி மட்டும்தான் வேலை. அலைட் ஹெல்த்தில் அனுமதி வந்தால் எழுதுங்கள். மன்னார்த் தோழியின் முதலாம் வருடக் கொப்பிகள் என்னிடம்தான் இருக்கின்றன, படி எடுத்துத் தரலாம்.